பழைய மடிக்கணினியிலிருந்து புதியதற்கு: யூஎஸ்எம்டி கருவி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

அலுவலகத்தில் ஒருவருடைய மடிக்கணினியை மாற்றும்போது அவருடைய ஆவணங்களைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவை பெரும்பாலும் பொதுச் சர்வரிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கின்றன. புதிய கணினியில் உள்நுழைந்ததும் கிடைத்துவிடுகின்றன. கிடைக்காமல் போவது வேறு. மின்னஞ்சலின் அடியில் தானாக இடம்பெறும் கையொப்பம், வேர்டின் அகராதியில் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பெயர்களும் துறைச் சொற்களும், எக்ஸெலில் தினமும் இயக்கும் மேக்ரோக்கள் என்ற சிறு தானியங்கி நிரல்கள், கருவிப்பட்டையில் அமைத்துக்கொண்ட ஒழுங்கு, இணைத்துவைத்த நெட்வொர்க் டிரைவுகள், உலாவியின் புக்மார்க்குகள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தனித்தனியே பார்த்தால் இவை சிறியவை. சேர்த்துப் பார்த்தால் ஒருவர் வேலை செய்யும் முறையே இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவு 'புதிய மடிக்கணினி வழங்கப்பட்டது' என்று எழுதிக் கோரிக்கையை முடித்துவிடுகிறது. பயனரோ அதற்குப் பிறகு பல நாட்கள், வேலைக்கு நடுவே, இழந்ததை ஒவ்வொன்றாக மறுபடியும் அமைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனாலேயே இந்த இழப்பைத் தடுக்கும் கருவிகளை அக்கறையோடு ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததை ஒட்டிப் பல நிறுவனங்கள் மொத்தமாக மடிக்கணினிகளை மாற்றின, இன்னும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த வேலைக்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவி யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல், சுருக்கமாக யூஎஸ்எம்டி. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (அலுவலகத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருந்து, பல மடிக்கணினிகளை ஒரே முறையில் மாற்ற வேண்டிய அலுவலகத்துக்கு, செலவே இல்லாமல் இவ்வளவு நம்பகமான வேறொரு கருவி கிடைப்பது அரிது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே இயக்கினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். எதை எடுக்க வேண்டும் என்று நாம் கற்றுத்தந்தால் மட்டுமே இது முழுமையாக வேலை செய்கிறது. கற்றுத்தரும் பொறுப்பை அது நம்மிடமே விட்டுவிடுகிறது.

கருவியை எடைபோடுவதற்கு முன், பயனர் அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு புரொஃபைல் கோப்புறை இருக்கிறது. அதனுள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற கோப்புறை ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்றாகப் பிரிகிறது. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனருக்குரிய பகுதி என்டியூசர் என்ற கோப்பில் இருக்கிறது. அவர் உள்நுழைந்திருக்கும் வரை அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். அவுட்லுக் கையொப்பங்களும் வேர்டின் வார்ப்புருவும் தனிப்பட்ட அகராதியும் எக்ஸெலின் தொடக்கக் கோப்புறையும் ரோமிங்கில் இருக்கின்றன. எக்ஸெல் கருவிப்பட்டையின் ஒழுங்கும் குரோம் உலாவியின் தரவுகளும் லோக்கலில் இருக்கின்றன. எது எங்கே இருக்கும் என்பதை அந்தந்த மென்பொருளை எழுதியவர் முடிவுசெய்திருக்கிறார். எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை.

புரொஃபைல் கோப்புறையை அப்படியே வெளி வட்டில் நகலெடுத்து, புதிய கணினியில் ஒட்டிவிட்டால் போதும் என்று பல அலுவலகங்களில் இன்றும் நினைக்கிறார்கள். கோப்புகள் போய்ச்சேரும், அமைப்புகள் சேராது. பூட்டிய ரெஜிஸ்ட்ரிக் கோப்பு நகலாகாது. நகலான கோப்புகளின் அனுமதிகள் பழைய கணக்கின் பாதுகாப்பு அடையாள எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும். டொமைனோ கணக்கோ மாறியிருந்தால் புதிய கணக்கிலிருந்து அவற்றைத் திறக்கவே முடியாமல் போகலாம். வலிந்து எல்லா அனுமதிகளையும் திறந்துவிடுகிறவர்கள் அடுத்து ஒரு பாதுகாப்புச் சிக்கலை உருவாக்கிவிடுகிறார்கள். யூஎஸ்எம்டி இந்த இடத்தில்தான் தன் தகுதியைக் காட்டுகிறது. கோப்பை எடுக்கும்போதே அது யாருடையது என்பதையும் சேர்த்து எடுத்து, மீட்கும்போது புதிய கணினியில் உள்ள கணக்குக்கு ஏற்ப அனுமதிகளைத் திருத்தி வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியிலும் முழுக் கோப்பைத் தூக்கிப் போடாமல், வேண்டிய மதிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுகிறது. பழைய கணினியில் சேர்ந்திருந்த குப்பைகள் புதியதற்குள் வராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இது புதிய கருவி அல்ல. விஸ்டா காலத்தில் மூன்றாம் பதிப்பு வந்தது. 2009-இல் விண்டோஸ் 7-உடன் நான்காம் பதிப்பு வந்தபோது இன்றைய வடிவம் ஏறத்தாழ அமைந்துவிட்டது. இப்போது விண்டோஸ் ஏடிகே என்ற நிறுவல் கருவித் தொகுப்பின் ஒரு பகுதியாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மடிக்கணினியிலும் நிறுவத் தேவையில்லை. ஒரு கணினியில் ஏடிகேவை நிறுவி, யூஎஸ்எம்டி கோப்புறையை எடுத்துப் பொதுச் சர்வரில் வைத்தால், அங்கிருந்தே எந்தக் கணினியிலும் இயக்கலாம். இயக்குவது முழுக்கக் கட்டளை வரியில்தான். சாளரமோ பொத்தானோ கிடையாது. தனியொருவர் தம் வீட்டுக் கணினியை மாற்றிக்கொள்வதற்காக இதை நாடினால் மிரண்டுபோவார். ஒரே கட்டளையை எழுதிவைத்து அத்தனை மடிக்கணினிகளிலும் பிசகாமல் இயக்க வேண்டிய உதவிப் பிரிவுக்கோ இந்த எளிமைதான் பலம்.

வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. பழைய கணினியில் ஸ்கேன்ஸ்டேட் இயங்கி, எக்ஸ்எம்எல் விதிக் கோப்புகளில் சொன்னபடி அமைப்புகளையும் கோப்புகளையும் திரட்டி ஒரு சேமிப்பில் வைக்கிறது. புதிய கணினியில் லோட்ஸ்டேட் இயங்கி அவற்றை உரிய இடங்களில் சேர்க்கிறது. உடன் வரும் விதிக் கோப்புகளில் மிக்ஆப் மென்பொருள் அமைப்புகளையும், மிக்யூசர் பயனரின் கோப்புறைகளையும் கோப்பு வகைகளையும் கவனிக்கின்றன. மிக்டாக்ஸ் ஆவணங்கள் இருக்கும் இடங்களைத் தானே தேடிக் கண்டறிகிறது. மிக்யூசரையும் மிக்டாக்ஸையும் ஒரே கட்டளையில் சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்பவை என்பதால் கோப்புகள் இரட்டிக்கக்கூடும். ஸ்கேன்ஸ்டேட்டில் எந்த விதிக் கோப்புகளைக் கொடுத்தோமோ அவற்றையே லோட்ஸ்டேட்டிலும் கொடுக்க வேண்டும் என்பது, அவசரத்தில் பலரும் தவறவிடும் இன்னொரு விதி. இரண்டையும் நிர்வாகி அனுமதியோடு இயக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்ட்லிங்க் சேமிப்பு. கணினி அதேதான், விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவ வேண்டும் என்கிற நிலைமை உதவிப் பிரிவுக்கு அடிக்கடி வரும். வழக்கமான முறையில் பயனரின் அத்தனை கோப்புகளையும் நெட்வொர்க் வழியே வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே கொண்டுவர வேண்டும். பெரிய பிஎஸ்டி அஞ்சல் கோப்புகள் இருந்தால் அது மணிக்கணக்கில் இழுக்கும். ஹார்ட்லிங்க் முறையில் எதுவும் நகர்வதில்லை. என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரே தரவுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒரே அறைக்கு இரண்டு கதவுகள் இருப்பதைப் போல. ஸ்கேன்ஸ்டேட் ஒவ்வொரு கோப்புக்கும் சேமிப்புக் கோப்புறையில் இரண்டாவது பெயரை உருவாக்கிவைக்கிறது. பழைய விண்டோஸ் நீக்கப்படும்போது முதல் பெயர் அழிந்தாலும் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிய விண்டோஸில் லோட்ஸ்டேட் அதற்கு மறுபடியும் பழைய முகவரியைத் தருகிறது. நகல் எடுப்பதே இல்லை என்பதால் கூடுதல் இடம் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. வட்டு நிரம்பி வழியும் மடிக்கணினியிலும் இதைச் செய்துவிடலாம். இரண்டு கட்டுப்பாடுகளை மறக்கக் கூடாது. வட்டை ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் போய்விடும், ஆகவே நிறுவும் முறையில் அந்தப் படி நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டே பழுதானால் இந்தச் சேமிப்பும் அதோடு போகும். ஆகவே இதைக் காப்பு நகல் என்று கருதிவிடக் கூடாது.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நான் மிகவும் வருந்துவது, மிக்ஆப் விதிக் கோப்பின் வயது. அது அறிந்துவைத்திருக்கும் மென்பொருள்களின் பட்டியலை மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் பார்த்தால் பிக்காசா 3, கூகுள் டாக், யாஹூ மெசஞ்சர் 9, லோட்டஸ் நோட்ஸின் பழைய பதிப்புகள் என்று வருகின்றன. கூகுள் பிக்காசாவை 2016-இல் கைவிட்டது. யாஹூ மெசஞ்சர் 2018-இல் மூடப்பட்டது. அந்தப் பட்டியலில் குரோம் பீட்டா பதிப்பாகவும் ஃபயர்ஃபாக்ஸ் 3.5-ஆகவும் இடம்பெறுகின்றன. விண்டோஸின் சொந்த அமைப்புகளும் ஆஃபீஸின் அமைப்புகளும் நன்றாகவே கவனிக்கப்பட்டிருந்தாலும், இன்றைய அலுவலகத்தில் ஒருவர் நாள் முழுவதும் பயன்படுத்தும் மற்ற மென்பொருள்களுக்கு இந்தப் பட்டியலை நம்பி இருக்க முடியாது. அவற்றுக்கு நாமே விதி எழுத வேண்டும். இவ்வளவு உறுதியான இயந்திரத்தைச் செய்தவர்கள் அதற்கான விதிகளை மட்டும் ஏன் காலத்தோடு புதுப்பிக்காமல் விட்டார்கள் என்பது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

விதி எழுதுவது அப்படியொன்றும் கடினமல்ல, ஆனால் கவனம் வேண்டும். கையொப்பத்தையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான அவுட்லுக்கில் ஒவ்வொரு கையொப்பமும் ரோமிங்குக்குள் மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் உள்ள சிக்னேச்சர்ஸ் என்ற இடத்தில் மூன்று கோப்புகளாக இருக்கும்: எச்டிஎம், ஆர்டிஎஃப், டெக்ஸ்ட். கையொப்பத்தில் நிறுவனத்தின் இலச்சினைப் படம் இருந்தால், அது அந்தக் கையொப்பத்தின் பெயரில் தொடங்கும் ஒரு துணைக் கோப்புறைக்குள் தனியாக இருக்கும். யூஎஸ்எம்டி விதியில் கோப்புறையின் பாதையை எழுதி, பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஒரு நட்சத்திரக் குறி இட்டு, பிறகு சதுர அடைப்புக்குறிக்குள் இன்னொரு நட்சத்திரம் இட்டால் துணைக் கோப்புறைகளும் சேர்ந்து வரும். முதல் நட்சத்திரத்தை விட்டுவிட்டால் அந்தக் கோப்புறையில் நேரடியாக உள்ளவை மட்டும் வரும். கையொப்பத்தின் எழுத்துகள் வந்துவிடும், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிவப்புக் குறி இருக்கும். பயனர் அதைக் கவனிப்பதற்குள் பத்துப் பேருக்கு மின்னஞ்சல் போயிருக்கும். அதேபோல, ரோமிங் கோப்புறையைச் சுட்டும் மாறியைப் பயன்படுத்தும் விதியின் சூழலை 'யூசர்' என்று குறிக்க வேண்டும். 'சிஸ்டம்' என்று குறித்தால் எந்தப் பயனருடைய கோப்புறை என்பது கருவிக்குத் தெரியாது.

இந்த விதிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஸ்கேன்ஸ்டேட்டில் லிஸ்ட்ஃபைல்ஸ் என்ற ஒரு தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால், எடுத்த அத்தனை கோப்புகளின் பெயர்களையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதித் தருகிறது. எங்கள் உதவிப் பிரிவில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறோம். கணக்குப் பிரிவு என்றால் எக்ஸெலின் தனிப்பட்ட மேக்ரோ கோப்பும் கருவிப்பட்டைக் கோப்பும். எழுத்து வேலை செய்கிறவர்கள் என்றால் வேர்டின் வார்ப்புருவும் அகராதியும். எல்லாருக்கும் கையொப்பமும் புக்மார்க்கும். விண்டோஸின் ஸ்டிக்கி நோட்ஸ் செயலியில் தொலைபேசி எண்களையும் செய்ய வேண்டியவற்றையும் குறித்துவைப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம். அந்தக் குறிப்புகள் லோக்கல் கோப்புறைக்குள் ஆழமாக, பிளம் என்ற பெயருள்ள ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. பழைய கணினியை விடுவிக்கும் முன் அந்தப் பெயர்களை லிஸ்ட்ஃபைல்ஸ் பட்டியலில் தேடிப் பார்ப்போம். இருந்தால்தான் அடுத்த கட்டம். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கணக்குப் பிரிவில் ஒருவர் புதிய மடிக்கணினியைத் திறந்து, மாத இறுதி அறிக்கைக்கான குறுக்குவிசையைப் பழக்கத்தில் அழுத்த, மேக்ரோ ஓடி அறிக்கை வந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இந்தக் கருவியிடம் எதிர்பார்க்க வேண்டிய பலன் அதுதான்.

இரண்டாவது குறை, அது தரும் முடிவு எண்ணைப் பற்றியது. ஸ்கேன்ஸ்டேட் சுழி என்ற எண்ணைத் தந்தால் வெற்றி என்று பொருள். அந்த வெற்றி, எடுக்கச் சொன்னவற்றை எடுத்துவிட்டேன் என்பது மட்டுமே. பயனருக்குத் தேவையானவை எல்லாம் வந்துவிட்டன என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது 3 என்ற எண். படிக்க முடியாத கோப்புகளைத் தாண்டிச் செல்லும்படி 'சி' என்ற தெரிவைச் சேர்த்திருந்தால், ஏதோ ஒன்று உண்மையிலேயே தவறிப்போன நிலையிலும் வேலை முடிந்து, 3 என்ற எண் வரும். அந்தத் தெரிவு இல்லாமல் இதே தடை ஏற்பட்டிருந்தால் 61 என்ற எண்ணோடு வேலை நடுவில் நின்றிருக்கும். தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் சுழியையும் மூன்றையும் ஒன்றாகக் கருதி 'முடிந்தது' என்று பச்சை விளக்குக் காட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வந்தால் பதிவுக் கோப்பைத் திறந்து எது தவறியது என்று படித்தே ஆக வேண்டும். அந்தப் பதிவுக் கோப்பில் விரிவு நிலையை 13 என்று வைத்தால் போதுமான விவரம் கிடைக்கிறது. மொழி கரடுமுரடாக இருந்தாலும், தவறிய கோப்பின் பாதையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. திறந்திருக்கும் அஞ்சல் கோப்புகள்தான் பெரும்பாலும் இப்படித் தவறுகின்றன என்பதால், பயனரிடம் அவுட்லுக்கை மூடச் சொல்வது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

தெரிவுகளில் இன்னும் சில, நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. யாரையும் குறிப்பிடாவிட்டால் கணினியில் இருக்கும் எல்லாப் புரொஃபைல்களையும் யூஎஸ்எம்டி எடுத்துக்கொள்ளும். பலர் கைமாறிய மடிக்கணினியில், பணியை விட்டுப் போனவர்களின் தனிப்பட்ட கோப்புகள் வரை புதிய கணினிக்குப் போய்ச்சேர்வது இப்படித்தான். நேரத்தைவிட இது தனியுரிமை தொடர்பான விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எல்லாரையும் விலக்கிவிட்டு, வேண்டியவரை மட்டும் சேர்ப்பதற்கு யூஇ, யூஐ என்ற தெரிவுகள் இருக்கின்றன. குறிப்பிட்ட நாட்களுக்குள் உள்நுழைந்தவர்களை மட்டும் எடுக்க யூஇஎல் உதவுகிறது. டொமைன் அல்லாத உள்ளூர்க் கணக்குகளை மீட்கும்போது எல்ஏசி என்ற தெரிவைக் கொடுக்காவிட்டால், புதிய கணினியில் இல்லாத உள்ளூர்க் கணக்குகள் விடுபட்டுவிடும். விண்டோஸின் இஎஃப்எஸ் என்ற கோப்பு மறைகுறியாக்க முறையில் பூட்டிய கோப்பு ஒன்று எதிர்ப்பட்டாலும், அதற்கென்று தனியாக எதையும் சொல்லாத நிலையில் ஸ்கேன்ஸ்டேட் வேலையை நிறுத்திவிடும்.

சேமிப்பை நெட்வொர்க்கில் வைக்கிறோம் என்றால் மறைகுறியாக்கம் கட்டாயம். ஒருவருடைய முழு வேலைச் சூழலும் ஒரே கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது. என்கிரிப்ட் என்று மட்டும் எழுதினால் பழைய திரிபிள் டெஸ் முறையே பயன்படுகிறது. ஏஇஎஸ் 256 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், லோட்ஸ்டேட்டிலும் அதையே எழுத வேண்டும். ஹார்ட்லிங்க் முறையில் இந்த மறைகுறியாக்கம் கிடையாது. அங்கே வட்டு முழுவதையும் விண்டோஸின் வட்டு மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கரால் பாதுகாத்திருப்பதே வழி.

எதையெல்லாம் இந்தக் கருவி எடுக்காது என்பதைப் பயனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மென்பொருள்களை அது எடுப்பதில்லை, அவற்றின் அமைப்புகளை மட்டுமே எடுக்கிறது. ஆகவே புதிய கணினியில் மென்பொருள்களை முதலில் நிறுவிவிட்டுப் பிறகுதான் லோட்ஸ்டேட்டை இயக்க வேண்டும். வன்பொருள் சார்ந்த அமைப்புகளும் டிரைவர்களும் நேரடியாக இணைத்த பிரிண்டர்களும் வராது. ஸ்டார்ட் மெனுவின் ஒழுங்கு விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து வருவதில்லை. எழுத்துருக்கள், திரைப் பின்னணி போன்றவை பயனர் வெளியேறி மறுபடியும் உள்நுழைந்த பிறகுதான் தெரியும். அதற்குள் 'வரவில்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் பற்றித்தான் அதிகமான கேள்விகள் வருகின்றன. கோப்பை நகலெடுத்தால் கடவுச்சொற்கள் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் விண்டோஸ் அவற்றைப் பயனருடைய கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டிவைத்திருக்கிறது; கோப்பு மட்டும் போனால் புதிய கணினியில் அதைத் திறக்கும் சாவி இருக்காது. 2024-இல் வந்த குரோம் 127 பதிப்பிலிருந்து, உலாவியோடு பிணைந்த இன்னொரு பூட்டும் சேர்ந்திருக்கிறது. தரவுகளைத் திருடும் தீநிரல்களைத் தடுப்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. அதைச் சுற்றிப்போக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனம் அனுமதித்த கடவுச்சொல் பெட்டகத்துக்கோ உலாவியின் சொந்த ஒத்திசைவுக்கோ பயனரை முன்பே மாற்றிவிடுவதுதான் சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு ஒன்று இருக்கிறது. உள் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் இணைந்த கணினிகளையே யூஎஸ்எம்டி ஆதரிக்கிறது, மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்குச் சேவையான என்ட்ராவில் இணைந்தவற்றை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. முழுவதுமாக மேகத்துக்கு மாறிவிட்ட அலுவலகங்கள் இந்த மதிப்பாய்வை இதோடு நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பதே நேரத்துக்கு நல்லது.

வேறு வழிகள் என்னென்ன? ஒன்டிரைவின் கோப்புறைப் பாதுகாப்பு வசதி டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகிய மூன்று கோப்புறைகளையும் மேகத்தோடு இணைத்துவைக்கிறது. கணினி திடீரென்று தொலைந்துபோனாலும் இது காப்பாற்றும் என்பது யூஎஸ்எம்டியால் தர முடியாத நன்மை; ஆனால் ஆப்டேட்டாவை அது தொடுவதில்லை. நிறுவனங்களுக்கான விண்டோஸ் பேக்கப் என்று மைக்ரோசாஃப்ட் அண்மையில் கொண்டுவந்திருக்கும் சேவை, விண்டோஸின் அமைப்புகளையும் ஸ்டோர் செயலிகளின் பட்டியலையும் மேகத்தில் வைத்துப் புதிய கணினியின் தொடக்க அமைப்பின்போதே மீட்டுத்தருகிறது. அது என்ட்ரா கணக்குகளுக்கானது. வழக்கமான டெஸ்க்டாப் மென்பொருள்களின் உள்ளமைப்புகளுக்கு அதில் இடமில்லை. லேப்லிங்க் நிறுவனத்தின் பிசிமூவர், சாளரமும் பொத்தானும் உள்ள கட்டண மென்பொருள். நிறுவிய மென்பொருள்களையும் சேர்த்து மாற்றுவது அதன் நோக்கம். சில கணினிகள் மட்டுமே உள்ள சிறு அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். கணினி அப்படியே இருந்து டொமைன் மட்டும் மாறுகிறது என்றால் ஃபோரென்சிட் நிறுவனத்தின் புரொஃபைல் விசார்டு பொருத்தமானது: கோப்புகளை நகர்த்தாமல், இருக்கும் புரொஃபைலின் உரிமையை மட்டும் புதிய கணக்குக்கு மாற்றிவிடுகிறது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விலக்க வேண்டும் என்பதில்லை. டொமைன் உள்ள அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஆவணங்களை ஒன்டிரைவிடம் விட்டுவிட்டு, அமைப்புகளை மட்டும் யூஎஸ்எம்டியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. அப்போது ஒன்டிரைவ் கோப்புறையை விதிக் கோப்பில் விலக்கிவிட வேண்டும். மேகத்தில் பத்திரமாக இருப்பதை இன்னொரு முறை சுமப்பதில் பயனில்லை. ஆவணங்கள் நீங்கிவிட்டால் ஒரு பயனரின் சேமிப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது, வேலையும் விரைவாக முடிகிறது. ஸ்கேன்ஸ்டேட்டில் 'பி' என்ற தெரிவைக் கொடுத்தால் எவ்வளவு இடம் தேவைப்படும் என்ற மதிப்பீட்டை முன்பே தருகிறது. ஜென்கான்ஃபிக் என்ற தெரிவோடு ஒரு முறை இயக்கினால், எடுக்கக்கூடிய கூறுகள் அனைத்தும் அடங்கிய கட்டமைப்புக் கோப்பு ஒன்று உருவாகும். அதில் வேண்டாதவற்றுக்கு 'நோ' என்று மாற்றிவிட்டால், பழைய கணினியின் தேவையற்ற அமைப்புகளைத் தவிர்க்கலாம்.

திடீரென்று விண்டோஸ் எழும்பாமல் போன கணினிக்கும் இது உதவுகிறது. விண்டோஸ் பிஇ என்ற சிறிய தொடக்கச் சூழல் வழியாகக் கணினியைத் தொடங்கி, செயலிழந்த விண்டோஸ் இருக்கும் கோப்புறையைச் சுட்டிக்காட்டினால், அதை இயக்காமலேயே அமைப்புகளை எடுத்துத் தருகிறது. வட்டு பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் மீட்புச் சாவியைக் கொண்டு முதலில் திறக்க வேண்டும். மேம்படுத்தலுக்குப் பிறகு மிஞ்சும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறையிலிருந்தும் இதே போல எடுக்கலாம். ஒன்டிரைவும் விண்டோஸ் பேக்கப்பும் கணினி நன்றாக இருக்கும்போது செய்துவைத்த ஏற்பாட்டை நம்புகின்றன; ஏற்பாடு எதுவும் இல்லாமல் வந்து நிற்கும் பயனருக்கும் இது கைகொடுக்கிறது.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு சேமிப்பை என்ன செய்வது என்பது. உடன் வரும் யூஎஸ்எம்டிஊடில்ஸ் என்ற சிறு கருவி, சுருக்கிய சேமிப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிறது. பழைய கணினியை அழிக்கும் முன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பிற்பாடு ஒரே ஒரு கோப்பு மட்டும் தேவைப்பட்டால், முழுவதையும் மீட்காமல் அதை மட்டும் பிரித்தெடுக்கவும் இதே கருவி போதும். மாத இறுதியில் மட்டும் திறக்கும் கோப்புகளும் மேக்ரோக்களும் இருப்பதால், பயனர் ஒரு முழு மாதச் சுழற்சியைப் புதிய கணினியில் கடக்கும் வரை சேமிப்பை வைத்திருப்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு அழித்துவிட வேண்டும். ஒருவருடைய அஞ்சலும் குறிப்புகளும் அவருக்கே தெரியாமல் சர்வரில் கிடக்கக் கூடாது. ஹார்ட்லிங்க் சேமிப்பில் சில கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதால் சாதாரணமாக அழிக்க முடியாமல் போகலாம்; யூஎஸ்எம்டிஊடில்ஸில் ஆர்டி என்ற தெரிவைக் கொடுத்தால் அதுவும் நீங்கிவிடும்.